நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்குப் பிறகு

பக்கங்கள் விடுபட்ட பிரதியைப் படித்துவிட்டு, ஒரு பெண்ணின் முதல் நாவலைக் கிழி கிழி என்று கிழித்தேன். விஷயம் தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. இன்றுவரை இல்லை!

மாதக் கடைசியில் முகநூலில் ‘அண்மையில் படித்தவை’ என்று ஒரு பதிவு போடுவது என் வழக்கம். சில நாவல்கள், ஓரிரு சித்திரக்கதைகள், ஒவ்வொன்றுக்கும் பத்து வரி. உங்களில் சிலர் அதற்காகக் காத்திருந்தீர்கள். ‘சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்’ என்று எழுதினீர்கள். அந்த ஒரு வரி தந்த போதை இருக்கிறதே... தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் கிண்டியில் இறங்குவதற்குள் எத்தனை பக்கம் தள்ளலாம் என்பதே குறியாகிவிட்டது. அதற்குப் பெயர் படிப்பா?

சுகந்தி கூடுவாஞ்சேரியில் பள்ளி ஆசிரியை. அவருடைய நாவலில் நோயாளி அம்மாவும் மகளும் மட்டுமே. பாதிக் கதையில், ஒரு வாக்கியம் முடியாமலே நிற்கிறது. அடுத்த பக்கத்தில் மகள் தனியாகப் பேருந்தில் போகிறாள், மடியில் அம்மாவின் செருப்பு. அம்மா என்ன ஆனாள்? ஒரு சொல் இல்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. ‘தாயின் சாவைக்கூட எழுதத் துணிவில்லாதவர் நாவல் எழுத வரக்கூடாது. வாக்கியத்தை அந்தரத்தில் விடுவது புதுமை அல்ல, திறமையின்மை’ என்று போட்டுத் தாக்கினேன்.

அதே பதிவில், அதற்குச் சற்று மேலே, ஒரு மொழிபெயர்ப்புச் சித்திரக்கதையைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருந்தேன். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவிலுள்ள வெற்றிடத்தில்தான் கதையே இருக்கிறதாம்! வெளிநாட்டுக்காரன் விட்ட இடைவெளி கலை. கூடுவாஞ்சேரி டீச்சர் விட்டால் திறமையின்மை. எப்படி இருக்கிறது என் ரசனை?

சுகந்தி பதிவின் கீழே கேட்டார்: “சார், உங்க காப்பில எல்லாப் பக்கமும் இருக்கா? ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க சார், ப்ளீஸ்.”

புத்தகம் எட்டும் தூரத்தில், அலமாரியில் இருந்தது. கையை நீட்டியிருந்தால் போதும்... நீட்டவில்லை! “அட்டை முதல் அட்டை வரை படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன் அம்மா. விமர்சனத்தைத் தாங்கப் பழகுங்கள்” என்று பதில் போட்டேன். நீங்கள் கைதட்டினீர்கள். ‘செம பதிலடி சார்!’ என்றீர்கள். உங்களில் எத்தனை பேர் அந்தப் புத்தகத்தைத் தொட்டிருந்தீர்கள்? உங்களைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லைதான். ஆனாலும் கேட்கிறேன், எரிகிறது!



அதோடு விட்டேனா? அடுத்த மாதம் இன்னொரு கேலிப் பதிவு எழுத நினைத்து, அந்த அரைகுறை வாக்கியத்தை அப்படியே எடுத்துப் போடலாமென்று புத்தகத்தைத் திறந்தேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். அதன் எதிரே... நூற்று இருபத்தொன்பது!

அச்சகத்தில் பதினாறு பக்கங்கள் ஒரே தாளாக மடிந்து வரும். ஃபாரம் என்பார்கள். தைக்கும்போது ஒரு ஃபாரம் விடுபட்டுப்போவது தமிழ்ப் புத்தகம் வாங்குகிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. எத்தனையோ முறை நானே கடையில் கொடுத்து மாற்றியிருக்கிறேன். இந்த ஒரு முறை மட்டும் ஏன் பக்க எண்ணைப் பார்க்கவில்லை? குறை எழுதியவரிடம்தான் இருக்கும் என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தேன். வேறென்ன!

நண்பன் பாஸ்கரிடம் அவனுடைய பிரதியைக் கேட்டேன். “உன்னாண்டதான் ஒண்ணு கீதே மச்சான், இன்னாத்துக்கு?” என்றான். அட்டை கிழிந்துவிட்டது என்று புளுகினேன். அவன் தந்த புத்தகம் பிரிக்கப்படாமல் மொடமொடவென்று இருந்தது.

தாம்பரம் நடைமேடையில் உட்கார்ந்து அந்தப் பதினாறு பக்கங்களைப் படித்தேன். மழை வரப்போகிறது, மாடியில் காய்கிற புடவையை எடுத்து வா என்கிறாள் அம்மா. மகள் எடுத்துக்கொண்டு இறங்கி வருவதற்குள் உயிர் போய்விடுகிறது. அவள் உடனே அழவில்லை. நின்றபடியே அந்தப் புடவையை ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடிக்கிறாள். மடித்து வைத்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் உட்காருகிறாள்... அவ்வளவுதான். அந்த வருடம் நான் படித்தவற்றில் அதற்கு ஈடாக எதுவுமே இல்லை. என் ரயில் போய்விட்டது. அழுதுகொண்டிருந்தேன்.

ஒரு வரி எழுதியிருந்தால் போதும். ‘என் பிரதியில் ஒரு ஃபாரம் இல்லை, மன்னியுங்கள்.’ தட்டச்சு செய்தேன்... அழித்தேன். உங்கள் சிரிப்பை நினைத்தேன். பக்க எண் பார்க்கத் தெரியாதவனா இத்தனை நாள் தீர்ப்புச் சொன்னான் என்று கேட்பீர்களே! உங்களுக்குப் பயந்தேன். கோழை! ஊரார் எழுத்துக்குத் துணிவில்லை என்று சொன்னவன்தானே நான்?

போன மாதம் சேலையூரில், கேம்ப் ரோடு பக்கம், எங்கள் வாசகர் சந்திப்புக்கு சுகந்தி வந்திருந்தார். பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கூட்டம் கலையும்போது பாஸ்கர், “அடுத்த நாவல் எப்போக்கா?” என்று கேட்டான்.

“எழுதிட்டிருந்தேன். நிறுத்திட்டேன்” என்றவர் என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை!

“சார், அம்மா சாகறதை நான் எழுதியிருந்தேன். அதுக்குன்னே ஒரு அத்தியாயம். முழுசாப் படிச்சேன்னு சொன்னீங்க. உங்களை மாதிரி ஒருத்தர் படிச்சும் அது மனசுலயே நிக்கலைன்னா, நான் எழுதினது எழுத்தே இல்லைன்னுதானே சார் அர்த்தம்? எனக்குப் புரிய வச்சதுக்கு தேங்க்ஸ்.”

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். பாஸ்கர் இருந்தான், வேறு நான்கைந்து பேரும் இருந்தார்கள். 

“விட்டுடாதீங்கம்மா, பயிற்சி பண்ணுங்க. வந்துடும்” என்றேன்.

பயிற்சி! அவரிடம் நான்! அவர் தலையசைத்துவிட்டு, மாணவி மாதிரி “சரி சார்” என்றார். ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

பதிவு அப்படியே இருக்கிறது. நேற்றுகூட யாரோ அதற்கு இதயம் போட்டிருக்கிறார்கள். இதைப் படிக்கும் நீங்களாகவும் இருக்கலாம். ஆனால் யாருடைய பதிவு என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை. சுகந்தி என்பது அவருடைய உண்மைப் பெயர் இல்லை; மற்ற பெயர்களையும் ஊர்களையும்கூட மாற்றிவிட்டேன். இதற்குக் கீழே நான் என் பெயரையும் போடவில்லை.