கண்ணிவெடி நிலத்தைச் சுற்றி ஓடிய மாடு

நானாட்டானுக்கு அப்பால் இருந்த எங்கள் கிராமத்துக்கு முகாமிலிருந்து அக்காவும் நானும் திரும்பிவந்தபோது, வீடுகளுக்கு முன்னரே மாடுகள்தான் கண்ணில் பட்டன. இடம்பெயர்ந்த சனம் அவிழ்த்துவிட்டுப் போனவை. ஆளைக் கண்டால் ஓடும் கட்டாக்காலிகளாக மாறியிருந்தன. அவற்றில் ஒரு செம்பசுவைத் தூரத்தில் கண்டதுமே அக்கா நின்றுவிட்டாள்.

“இது எங்கட மாடு. நான்தான் கயிறை அறுத்து விட்டனான்.”

அக்காவின் புருசன் போரின் கடைசி மாதங்களில் செல்லடியில் இறந்திருந்தார். அவரைப் பற்றி அவள் பேசுவதில்லை. மாட்டைப் பற்றிப் பேசினாள்.

எங்கள் குடியிருப்பின் நடுவே கண்ணிவெடி அகற்றப்படாத பெரிய காணி ஒன்று இருந்தது. சுற்றிவர முள்ளுக்கம்பியும் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகளும். அதைச் சுற்றித்தான் குறுகிய ஒழுங்கைகள் வளையமாகப் போயின. அக்கா கயிற்றுடன் போனால் மாடு மறுபக்கம் போகும். அவள் திரும்பினால் அதுவும் திரும்பும்.

நான் அப்போது பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்துக்கொண்டு, வெளிவாரிப் பட்டத்துக்கும் படித்துக்கொண்டிருந்தேன். கோட்டுருக்கள் பற்றிய பாடத்தில் துரத்தல் விளையாட்டு என்று ஒரு பகுதி வந்தது. சந்திகள் புள்ளிகள், பாதைகள் கோடுகள். துரத்துபவரும் ஓடுபவரும் மாறிமாறி ஒரு புள்ளி நகரலாம். பாதைகள் மரக்கிளைகள் போலப் பிரிந்து முடிந்தால் ஒருவரே போதும், ஓடுபவர் ஏதோவொரு நுனியில் அகப்படுவார். நாலு புள்ளிக்குக் குறையாத வளையமென்றால் ஒருவரால் ஒருநாளும் பிடிக்க முடியாது. இருவர் வேண்டும். நிரூபணத்தை வாசித்து முடித்ததும் அக்காவிடம் சொன்னேன்.

“இதுக்குப் படிக்க வேணுமே? நீ அந்தப் பக்கத்தாலை வா, நான் இஞ்சாலை வாறன்.”

ஒரு பின்னேரம் இருவரும் எதிரெதிராக நடந்தோம். நிரூபணம் சரியாகவே வேலை செய்தது. இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. மாடு என்னைப் பார்த்தது, அக்காவைப் பார்த்தது, பிறகு கம்பிக்கு அப்பாலிருந்த புல்லைப் பார்த்தது. முன்னங்கால்களைத் தூக்கிக் கம்பியில் வைத்தது.

“விடடி! வழியை விடு!” என்று அக்கா கத்தினாள்.

நான் எதிர்ப்பக்க வீட்டு வேலியோரமாக ஒதுங்கினேன். மாடு என்னை உரசிக்கொண்டு ஓடியது. அக்கா ஒழுங்கையிலேயே குந்தியிருந்து அழுதாள். திரும்பிவந்த பிறகு அவள் அழுததை அன்றுதான் கண்டேன். அதற்குப் பிறகு நாங்கள் துரத்தவில்லை.

அடுத்த வருடம் வெடி அகற்றுகிறவர்கள் வந்து வேலையை முடித்து, கம்பியைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். வளையத்தின் நடுவில் ஒரு புள்ளியை வைத்து எல்லாப் புள்ளிகளோடும் இணைத்தால், அங்கே நிற்கும் ஒருவரே போதும். அதையும் அக்காவிடம் சொன்னேன்.

“நடுவிலை நிண்டால் வெயில்தான் என்னைப் பிடிக்கும்” என்றாள். ஆனாலும் தவிடு கரைத்த வாளியோடு போய் நின்றாள். தினமும் போனாள். எந்த ஒழுங்கையால் வந்தாலும் மாட்டுக்கு அவளும் வாளியும் தெரிந்தார்கள். ஒருநாள் அது தானாகவே வந்து வாளிக்குள் தலையை விட்டது. கணித விளையாட்டில் ஓடுபவருக்குப் பசிப்பதில்லை. ஆகவே இதை என் தேற்றத்தின் கணக்கில் சேர்க்க எனக்கு விருப்பமில்லை.

கிட்டத்தில் பார்த்தபோது தொடையில் சுட்டிருந்த குறி எங்களுடையதல்ல. அக்கா அதை விரலால் தடவிப் பார்த்தாள்.

“ஆரின்ரையோ மாடு. சொந்தக்காரர் வந்தால் குடுப்பம்” என்றாள்.

சில மாதங்களுக்குப் பிறகு பக்கத்து ஊரிலிருந்து ஒரு வயதானவர் கேள்விப்பட்டு வந்தார். குறியைப் பார்த்துத் தலையாட்டினார். அக்கா கயிற்றை அவிழ்த்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

“நான் தனிய இருக்கிறன் பிள்ளை. பால் கறக்க ஆளில்லை. நீங்களே வைச்சிருங்கோ. கண்டு போட்டால் ஒண்டு தாங்கோ.”

“ஓம், கட்டாயம் தாறன்.”

முதல் கன்று நாம்பனாக, ஆண்கன்றாகப் பிறந்தது. பால்குடி மறந்ததும் அக்காவே அதை நடத்திக்கொண்டுபோய் அவரிடம் விட்டுவிட்டு, பின்னேர பஸ்ஸில் திரும்பிவந்தாள்.