டிகிரியம்மாவின் இரண்டு தெர்மாமீட்டர்கள்

ஏசி பழுதுபார்க்க வருகிறவர்கள் வீட்டுக்குள் நுழைந்ததும், "ஏசி எங்க இருக்கு?" என்றுதான் கேட்பார்கள். டிகிரியம்மா ஒருவர்தான், "மீட்டர் எங்க இருக்கு?" என்று கேட்பார். பதினோரு வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கி மின் மீட்டர் படித்தவர். மீட்டர்கள் தாமாகவே கணக்கை அனுப்பக் கற்றுக்கொண்டதும் வேலை போயிற்று. மூலையில் உட்கார்ந்து அழவில்லை. தன் வயதில் பாதிகூட ஆகாதவர்களோடு ஆறு மாதம் வகுப்பில் உட்கார்ந்து ஏசி வேலை கற்றுக்கொண்டார். "இத்தனை வருஷம் பில்லு ஏறுறதை எழுதிக்கிட்டு இருந்தேன், இனிமே இறக்கிட்டுத்தான் மறுவேலை" என்று சொல்லிச் சிரிப்பார். யாரைப் பார்த்தாலும் "எத்தனை டிகிரியில வெச்சிருக்கீங்க?" என்று விசாரித்து விசாரித்தே அந்தப் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

நான் தச்சன். வாய் கொஞ்சம் நீளம். அவரோடு முதல் நாளே மல்லுக்கு நின்றவன் என்பதால், அவரைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் இந்தத் தெருவில் கிடையாது.

என் மனைவி சலவை ஆலையில் வேலை பார்த்தவள். ஒருநாள் நீராவிக் குழாய் வெடித்து முதுகும் கைகளும் வெந்துபோயின. பிழைத்துக்கொண்டாள். ஆனால் ஒட்டுப்போட்ட தோலில் வியர்க்காது. உடம்புச் சூடு வெளியேற வழி குறைவு. வீட்டைக் குளிர்ச்சியாகவே வைத்திருக்க வேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் ஏசி மருந்துப் பெட்டியைச் சேர்ந்தது.

அவள் நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து, துணிக்கடைக்காரர் கொடுத்தனுப்பும் சட்டைகளுக்குப் பொத்தான் தைப்பாள். தலை நிமிர்ந்தால் பால்கனியில் ஏசியின் வெளிப்பெட்டி. புறா எச்சம் வழிந்த தகரம். என் பெண்டாட்டி தினமும் இதையா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று எனக்குப் பொறுக்கவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தேக்கில் ஒரு கூண்டு செய்தேன். மேலே சரிவுக்கூரை, முன்னால் மெல்லிய இடுக்குகள் விட்ட இரண்டு கதவுகள், கதவு நிறைய கொடியும் இலையும். அதைப் பார்த்து அவள் முகம் மலர்ந்ததை இன்னும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் பில் ஏற ஆரம்பித்தது. முதல் மாதம் ஒன்றரை மடங்கு, அடுத்த மாதம் இரண்டு. இயந்திரம் கிழடு தட்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் மத்தியானம் அளவு டேப்பை மறந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன். ஏசி ஓடவில்லை. அவள் முகம் செக்கச் சிவந்திருந்தது. கழுத்தில் ஈரத்துண்டு, கையில் ஊசி.

"ஏன் நிறுத்தின?"

"கொஞ்ச நேரந்தாங்க. மெஷினுக்கும் ஓய்வு வேணாமா?"

மெஷினுக்காம், ஓய்வாம்! பில்லுக்குப் பயந்துதான் என்று எனக்குத் தெரியாதா? நான் கத்திய கத்தலுக்கு அவள் அசரவில்லை. மலைமேல் இருக்கும் தன் அக்கா வீட்டைப் பற்றிப் பேசினாள். "அங்க ஃபேன்கூடத் தேவையில்ல. நான் போய் இருந்துக்கறேன். நீங்க மாசம் ஒரு தடவை வந்து பாருங்க." அடுத்த மாதக் கடைசிக்கு டிக்கெட்டும் போட்டு, துணிப்பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி வைத்துவிட்டாள். பத்தொன்பது வருஷக் குடித்தனம் மாதத்துக்கு ஒரு தடவையாகச் சுருங்கப் போகிறது.

பெரிய ஏசியாக ஒன்று வாங்கிப் போடுவது என்று கிளம்பினேன். வழியில், நான் வழக்கமாக ஆணி வாங்கும் கடைக்காரர் தடுத்து நிறுத்தினார். "வாங்கறதுக்கு முன்னாடி டிகிரியம்மாகிட்ட ஒரு வார்த்தை கேளுப்பா."

டிகிரியம்மா வந்தார். மீட்டரைப் பார்த்தார். ஏசியின் வடிகட்டியைக் கழற்றியவர், "இதுல ஒரு போர்வையே நெய்யலாம் போலிருக்கே" என்று தானே கழுவி மாட்டினார். வாசல் கதவைச் சாத்திவிட்டு அடியில் ஒரு காகிதத் துண்டைப் பிடித்தார். அது படபடவென்று ஆடியது.

"என்னண்ணே, தச்சர் வீட்டுக் கதவுக்கு அடியில விரல் போகுதே?"

என் மனைவி குனிந்துகொண்டு சிரித்தாள். அடுத்து ரிமோட்டைப் பார்த்தார். பதினேழு.

"குறைச்சு வெச்சா சீக்கிரம் குளிரும்னு நினைப்பு, இல்லையா அண்ணி? இந்த மெஷின்ல அப்படியெல்லாம் வேகம் ஏறாது. நிக்காம ஓடும், அவ்வளவுதான். இருபத்தஞ்சுல வெச்சு ஃபேனையும் போடுங்க. உடம்புக்கு ஒத்துக்கலைன்னா ஒரு டிகிரி இறக்குங்க." பிறகு பால்கனிப் பக்கம் திரும்பினார். "ஆனா இதெல்லாம் சில்லறைத் திருட்டு. பெரிய கை வேற எங்கயோ இருக்கு."

கூண்டைக் கண்டதும் நின்றுவிட்டார். "ரொம்ப அழகா இருக்கு. யாரு செஞ்சது?"

"வேற யாரு?" என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

அவர் பையிலிருந்து இரண்டு தெர்மாமீட்டர்களை எடுத்தார். ஒன்றைப் பால்கனி நிழலில் தொங்கவிட்டார், மற்றதைக் கூண்டின் இடுக்கு வழியாக உள்ளே இறக்கினார். ஏசியை ஓடவிட்டு, என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அரைமணி நேரம் பொத்தான் தைத்தார். நாலு சட்டை முடித்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"நீங்களே போய்ப் படிங்கண்ணே."

நிழலில் முப்பத்து நாலு. கூண்டுக்குள் ஐம்பத்து மூன்று.

"வீட்டுச் சூட்டையெல்லாம் அள்ளிட்டு வந்து வெளிய கொட்டறதுதான் இந்தப் பெட்டியோட வேலை. உங்க கதவு அதை மறிச்சு உள்ளயே திருப்பி விடுது. பாவம், கொட்டின சூட்டையே மறுபடி இழுத்துக்கிட்டு மூச்சு முட்டி ஓடுது. பில்லு ஏறாம என்ன செய்யும்?"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "இருபத்தெட்டு வருஷமா மரம் இழைக்கிறேன். என் வேலையில நொட்டை சொல்ல வந்தீங்களா? உங்க தெர்மாமீட்டர்தான் கோளாறு!"

"இருக்கலாம். அப்போ ரெண்டையும் இடம் மாத்தி வைங்க" என்றார், குரலை உயர்த்தாமலே.

வீம்புக்கு மாற்றி வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், இப்போது மற்றது ஐம்பத்து மூன்று காட்டியது. பிறகு அவரே கூண்டின் கதவுகளை விரியத் திறந்தார். இருபது நிமிடத்தில் முப்பத்து எட்டுக்கு இறங்கியது. அவளுக்காக ஆசை ஆசையாக இழைத்த மரம்தான் அவளை ஊரைவிட்டு அனுப்பப் பார்த்திருக்கிறது. நினைக்க நினைக்க வெட்கமாகவும் வலியாகவும் இருந்தது.

"கூரை இருக்கட்டும்ணே, வெயில் படாம இருந்தா நல்லதுதான். நாலு பக்கமும் திறந்து விட்டுடுங்க. புதுசெல்லாம் வேண்டாம். அடுத்த பில்லு பழைய அளவுக்கும் கீழ வரும். வரலைன்னா என் கூலியைத் திருப்பி வாங்கிக்குங்க."

அன்று சாயங்காலமே திருகாணிகளைக் கழற்றினேன். கதவுகளைக் கண்காணாத இடத்தில் போட்டுவிடலாம் என்று தூக்கியபோது மனைவி குறுக்கே வந்தாள்.

"எங்க கொண்டு போறீங்க? மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கமா மாட்டுங்க. நாலு மணி வெயில் அது வழியாத்தானே என் முதுகுல அடிக்குது?"

அவளுக்கு இருக்கும் மூளையில் கால்வாசி எனக்கு இருந்திருக்கலாம். மறுநாள் மாட்டினேன். வாசல் கதவின் அடியிலும் ஒரு சட்டம் வைத்து அடைத்தேன். சாயங்கால வெயில் என் கொடிகளிலும் இலைகளிலும் பட்டு வெளியிலேயே நின்றது. ஏசி நடுநடுவே ஓய்ந்து ஓடுவதை அப்போதுதான் நாங்கள் இருவரும் கேட்டோம். முன்பெல்லாம் அது ஓய்ந்ததே இல்லை. இருபத்தைந்தில் அவளுக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

இப்போது எங்கேயாவது வெளிப்பெட்டியைக் கூண்டுக்குள் அடைத்து வைத்திருந்தால் டிகிரியம்மா என்னைத்தான் கூப்பிடுகிறார். "இந்த அண்ணன்கிட்ட கேளுங்க, இவரு பட்டவரு" என்று என் மானத்தை வாங்கிவிட்டுத்தான் வேலையை வாங்கித் தருவார். அதெல்லாம் பிறகு வந்தது.

டிக்கெட் தேதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது பில் வந்தது. பிரித்து அவள் கையில் கொடுத்தேன். கூண்டுக்கு முன்னால் கட்டிக்கொண்டிருந்ததைவிடக் குறைவு. அவள் இரண்டு தடவை படித்தாள். மூலையில் கட்டி வைத்திருந்த துணிப்பெட்டியைப் பார்த்தாள். ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, டிக்கெட்டை ரத்து பண்ணினா எவ்வளவு பிடிப்பாங்க?"

"முழுசாப் பிடிச்சாலும் பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு, அவள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் பெட்டியைத் தூக்கிப் பரணில் போட்டேன்.