ஐந்து தடவையில் மிச்சம் ஒன்று

பேருந்து நிலையத்தின் பின்வாசலில், சாவி வெட்டுகிறவருக்கும் செருப்புக் கடைக்கும் நடுவே, பக்கவாட்டில் நுழைந்தால் மட்டுமே உட்காரக்கூடிய ஒரு கடை இருந்தது. அதில் உட்கார்ந்திருந்தவரை எல்லாரும் ‘திருப்பிச்சொல்லு’ என்றுதான் கூப்பிட்டார்கள். முகத்துக்கு நேரேயே கூப்பிட்டார்கள், அவரும் கோபித்துக்கொண்டதில்லை. தங்கள் சிம்மை மட்டுமே ஏற்கும்படி கம்பெனிக்காரர்கள் பூட்டி விற்ற போனை, எந்த சிம் போட்டாலும் பேசும்படி திறந்து கொடுப்பது அவர் தொழில்.

வேலை பெரிய மந்திரமில்லை. ஒவ்வொரு போனுக்கும் பதினைந்து இலக்கத்தில் ஓர் எண் உண்டு. அதைக் கோட் விற்கிறவர்களுக்கு அனுப்பினால், அந்தப் போனுக்கென்று எட்டு இலக்கத்தில் ஒரு கோட் வரும். வேறு சிம்மைப் போட்டுவிட்டு அந்த எட்டு இலக்கத்தை அழுத்தினால் பூட்டு திறந்துவிடும். தப்பாக அழுத்தவும் இடம் உண்டு, ஆனால் ஐந்தே தடவை. ஐந்தும் போனால் அந்தப் போன் ஆயுசுக்கும் பழைய கம்பெனிக்குத்தான். அதனால் எண்ணை வாசிக்கச் சொல்லி எழுதிக்கொள்வார், பிறகு “திருப்பிச் சொல்லுங்க” என்பார்.

“ஒரு தடவை சொன்னா மண்டைல ஏறாதா?” என்று சிலர் எரிந்து விழுவார்கள்.

“ஏறும். எது ஏறிச்சுன்னு பாக்கணும்ல?”

இந்தப் பழக்கம் அவருக்குப் பேருந்துக் கம்பெனியின் உதிரிபாகக் கிடங்கில் வந்தது. பதினாறு வருஷம் அங்கே குமாஸ்தா. ஒருமுறை தொலைபேசியில் ஓர் எண்ணை மாற்றிக் கேட்டுக்கொண்டதில், நாற்பது பக்கவாட்டுக் கண்ணாடிக்குப் பதிலாக நாற்பது கதவு வந்து இறங்கியது. கதவுகளை வைக்க இடமில்லாமல் மேலாளர் தன் அறையைக் காலி செய்தார். அன்றிலிருந்து காதில் விழுந்த எதையும் அவர் ஒரே தடவையில் நம்பவில்லை. கிடங்கு வேறு ஊருக்குப் போனபோது வேலை போயிற்று, பழக்கம் போகவில்லை.

“அரைக்கிலோ வெங்காயம்னு சொன்னாலும் திருப்பிச் சொல்லணும். இவரைக் கட்டிக்கிட்டு ஒரு ஆயுசுல ரெண்டு ஆயுசுப் பேச்சைப் பேசி முடிச்சிட்டேன்” என்பாள் மனைவி.

இன்னொரு குணமும் இருந்தது. கோட் எண்ணைத் தன் விரலால்தான் அழுத்துவார். போனின் சொந்தக்காரர் கெஞ்சினாலும் கொடுக்கமாட்டார்.

இப்படிப்பட்டவர் வீட்டில், மனைவி, மகள் இருவரின் போன்களும் பூட்டியே கிடந்தன. மகளுக்கு மலைமேல் ஒரு நீர்மின் நிலையத்தில் கருவிகளைப் பார்க்கும் வேலை கிடைத்திருந்தது. அங்கே அவள் போனைப் பூட்டி விற்ற கம்பெனிக்கு டவர் கிடையாது. இரண்டு மாதமாகத் “திறந்து குடுங்கப்பா” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். “எங்க ஓடிப்போகுது, பாக்கலாம்” என்று தட்டிக் கழித்துக்கொண்டே வந்தார்.

“போன் ஓடல, பொண்ணுதான் போறா. திறந்து குடுத்தா நெஜமாவே கெளம்பிடுவான்னு உங்களுக்குப் பயம்” என்றாள் மனைவி. பயம்தான். மகளை விட்டு ஒருநாள்கூட இருந்து அவருக்குப் பழக்கமில்லை.

கிளம்பும் நாள் காலையில் மகளைக் கடைக்கு அழைத்துப் போனார். நான்கு மணிக்கு ரயில். கோட் முந்தின நாளே வந்துவிட்டது. புது சிம்மைப் போட்டு, எட்டு இலக்கத்தையும் அழுத்தினார். தவறு என்றது போன். விரல் தவறியிருக்கும் என்று மறுபடி அழுத்தினார். மறுபடியும் தவறு. மூன்றாவது தடவை மிக மெதுவாக. நான்காவது தடவைக்கு உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். மிச்சம் ஒன்று என்று காட்டியது.

“அப்பா, நம்பரைத் திரைல பாத்து எழுதினீங்களா?” என்றாள் மகள்.

திரையில் பார்க்கவில்லை. போனைப் பிரித்து வைத்திருந்தபோது, பேட்டரிக்கு அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்து எழுதியிருந்தார். இரண்டு வருஷம் முன்பு அவள் போனைக் கீழே போட்டு உடைத்தபோது, செத்துப்போன இன்னொரு போனின் கூட்டை எடுத்து மாட்டியதும் அவரேதான். ஸ்டிக்கர் அந்தக் கூட்டோடு வந்தது. செத்த போனுக்குக் கோட் வாங்கி வைத்திருக்கிறார். வருகிறவர்களிடமெல்லாம் “ஸ்டிக்கரை நம்பாதீங்க” என்று தொண்டை கிழியச் சொல்பவர். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

திரையில் வந்த சரியான எண்ணை எழுதி அனுப்பினார். புதுக் கோட் வர இரண்டு நாளாகும் என்றார்கள்.

“என் போனை எடுத்துட்டுப் போம்மா.”

“உங்களுக்குக் கோட் வர்ற போன் அது. வேண்டாம். வந்ததும் சொல்லுங்க, நானே போட்டுக்கறேன்.”

“ஒரே தடவைதான் இருக்கு.”

“தெரியும்பா. பக்கத்துல நின்னு நானும்தான எண்ணிக்கிட்டிருந்தேன்?”

பூட்டிய போனோடு ரயிலேறினாள். போய்ச் சேர்ந்தாளா என்பதுகூட மறுநாள்தான் அலுவலகத் தொலைபேசி வழியாகத் தெரிந்தது, அதுவும் அரை நிமிஷம். மூன்றாம் நாள் பத்து மணிக்கு மறுபடி கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தாள். கடைசித் தடவையும் போய்விட்டால் மாதச் சம்பளம் வந்து வேறு போன் வாங்கும்வரை, அலுவலகத் தொலைபேசியின் அரை நிமிஷம் தவிர, அவள் குரல் இல்லை. அதைவிட, அந்தத் தடவை தன் விரலில் இல்லை என்பது அவரை அரித்தது.

பத்து மணிக்குக் கூப்பிட்டாள். துண்டுக் காகிதத்தை உயரப் பிடித்து ஒவ்வோர் இலக்கமாக வாசித்தார். முடித்துவிட்டு, வழக்கமான சொல்லுக்கு வாயெடுப்பதற்குள் அவள் கேட்டாள்.

“கண்ணாடி போட்டிருக்கீங்களாப்பா?”

கண்ணாடி நெற்றியில் இருந்தது. இறக்கிக்கொண்டார்.

“இப்ப நீங்க திருப்பிச் சொல்லுங்க.”

வாசித்தார். ஐந்தாவது இலக்கம் மூன்று. முதலில் எட்டு என்று சொல்லியிருந்தார். மறுமுனையில் அவள் அடித்துத் திருத்தும் சத்தம் கேட்டது. தன் பக்கம் எழுதியதை முழுக்க ஒருமுறை வாசித்துக் காட்டினாள். சரியாக இருந்தது.

“வெச்சிடறேன்” என்றாள்.

சாவி வெட்டுகிறவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். “என்ன ஆச்சு?”

“தெரியல.”

போனைப் பலகைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் உடைந்த திரையோடு வந்தார். அப்புறம் வரச் சொல்லிவிட்டார். போன் அடித்தது. தெரியாத எண்.

“கேக்குதாப்பா?”

“கேக்குதும்மா.”

“திருப்பிச் சொல்லுங்க.”

“கேக்குதும்மா” என்றார். அவள் கேட்காமலே இன்னொரு தடவையும் சொன்னார்.