அலை உடையாத இடம்

மலருக்குக் கடல் என்பது டிவியில் வருகிற ஒன்று. அவள் பிறந்தது, படித்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் பிரிஞ்சாங் என்ற மலை ஊருக்கு மேலே ஒரே தேயிலைத் தோட்டத்தில்தான். அவளுக்குத் தெரிந்த தண்ணீர் இரண்டு வகை. ஒன்று, விடிகாலையில் குழாயைத் திறந்தால் விரலை மரக்கவைக்கும் தண்ணீர். மற்றது, மழைக்காலத்தில் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கும் தண்ணீர். இரண்டிலும் யாரும் நீந்துவதில்லை. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் அந்த லயத்தில் நீச்சல் தெரிந்த ஆளைத் தேடினால் கிடைக்கமாட்டார்.

இப்போது அங்கே கொழுந்தைக் கையால் கிள்ளுவது குறைந்துவிட்டது. ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நடக்கும் மிஷின் வந்துவிட்டது. மலர் ஒரு பக்கம் பிடித்தால், மறுபக்கம் பிடிப்பவன் மகேன், அவள் புருஷன் அர்ஜுனனின் தம்பி. அவள் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவன் பள்ளிக்கூடம் போகிற பையன். தாயில்லாத பிள்ளை. அவனுக்குச் சோறு போட்டதும், காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்தில் உட்கார்ந்ததும், கெட்ட சகவாசம் பிடித்தபோது விளக்குமாற்றை எடுத்ததும் மலர்தான். மிஷின் இரைச்சலில் பேச்சு காதில் விழாது. கைப்பிடியில் கனம் கூடினால் நிற்கச் சொல்கிறான், குறைந்தால் நடக்கச் சொல்கிறான் என்று அவளுக்குப் புரியும். மேட்டில் கால் வழுக்குகிற சரிவுகளில்கூட அவன் பிடித்த பக்கம் ஒருநாளும் தாழ்ந்ததில்லை.

அந்த வருஷம் கோவில் இளைஞர் சங்கத்தார் கடலுக்குப் போவதாக முடிவு செய்தார்கள். சங்கத் தலைவர் காளியண்ணன் வேன் பிடித்தார், படகு பேசினார். பகாங் கடற்கரைக்கு அப்பால் ஒரு தீவு. எல்லோருக்கும் கொண்டாட்டம். மலர் மட்டும் பேர் கொடுக்கத் தயங்கினாள். காரணம் இருந்தது. வேறேதோ தேசத்தில் ஒரு சுறா ஆளைப் பிடித்த வீடியோ லயத்துப் போன்களில் எல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. அதை அவள் ஒருமுறைதான் பார்த்தாள். பார்த்தது போதும் என்று ஆகிவிட்டது. தண்ணீர் சிவப்பாகும் அந்த ஒரு நொடி, மிஷின் பிடித்து நடக்கும்போதும் அவள் கண்ணுக்குள் வந்துபோனது.

"அண்ணி, நம்ம மலையில உள்ள அட்டை குடிச்ச ரத்தத்த விடவா சுறா குடிக்கப் போவுது? சும்மா வாங்கலா," என்று மகேன் சிரித்தான்.

தீவில் படகு நின்ற இடம் ஒரு சின்ன வளைகுடா. தண்ணீர் கண்ணாடி மாதிரி. மணலில் பதிந்த கால்விரல்கள் தெரிந்தன. மலரின் மகள் துளசி முழங்கால் ஆழத்தில் நின்று கூத்தடித்தாள். மலரும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். வெயிலும் உப்பும் சேர்ந்து அவளுக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்த அந்த நேரத்தில்தான், கைநீளத்துக்கு ஒன்று, முதுகுத் துடுப்பின் நுனியில் மை தொட்டு வைத்தது போல் கறுப்பாக, துளசியின் காலைச் சுற்றிக்கொண்டு போனது. அதன் பின்னால் இன்னொன்று.

"சுறா! சுறாடி! ஏறு, ஏறு!"

அவள் போட்ட கூச்சலில் வளைகுடாவே காலியானது. பிள்ளைகள் அழுதார்கள். ஒருத்தி மணலில் விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டாள். படகுக்காரர் பாக் மாட் ஓடிவந்தார். வயதான மலாய்க்காரர், அந்தத் தீவிலேயே பிறந்தவர். விஷயத்தைக் கேட்டதும் அவர் சிரித்துவிட்டார். இவை குட்டியூண்டு சுறாக்கள், ஆளைக் கண்டால் இவைதான் பயந்து ஓடும் என்று மலாயில் விளக்கினார். யார் கேட்பார்கள்? மலர் துளசியைக் கரைமேட்டுக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"இங்க வேணாம். புள்ளைங்க இருக்காங்க. வேற எடம் பாருங்கண்ணே," என்று அவள் காளியண்ணனிடம் சொன்னாள்.

"பாறைக்கு அந்தப் பக்கம் நல்ல பெரிய பீச் இருக்காம். அங்க போலாம்," என்றார் அவர்.

பாக் மாட் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அடுத்த படகுக்கு ஆள் கூப்பிட்டார்கள். அவர் போய்விட்டார்.

அந்தப் பக்கம் திறந்த கடல். அலைகள் வரிசையாக வந்து உடைந்து நுரைத்தன. நடுவில் ஓர் இடத்தில் மட்டும் அலையே இல்லை. ஒரு வீட்டு வாசல் அகலத்துக்குத் தண்ணீர் அமைதியாக, கொஞ்சம் கருத்து, வழவழவென்று கிடந்தது. அதுதான் நல்ல இடம் என்று எல்லோருக்கும் பட்டது. பிள்ளைகளைக் கரையில் உட்காரவைத்துவிட்டு மகேன்தான் முதலில் அங்கே இறங்கினான். மலர் கரையில் நின்று நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். கறுப்பு நுனி எங்காவது தெரிகிறதா என்று கடலை ஒரு முழம் விடாமல் துழாவினாள். பக்கத்தில் அர்ஜுனனும் அதையே செய்தான்.

மகேன் இடுப்பளவில் நின்றிருந்தான். பிறகு கழுத்தளவில். பிறகு அவன் தலை மட்டும் அந்த வழவழப்பான தண்ணீரில் தூரமாகப் போயிற்று. அட, இவனுக்கு எப்போது நீச்சல் வந்தது என்று மலர் நினைத்தாள். அவன் கத்தவில்லை. அவன் முகம் கரையைப் பார்த்துத்தான் இருந்தது, ஆனால் கரையை விட்டுத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த இரண்டும் பொருந்தவில்லை என்பது அவள் மனசுக்கு எட்டியபோது, அங்கே தலை இல்லை.

மறுநாள் பாக் மாட்தான் அவனைத் தேடிக் கொண்டுவந்து சேர்த்தார். மலர் அந்த உடம்பைப் பார்த்தாள். முழங்கையில் பாறை உரசிய சிராய்ப்பு ஒன்று. வேறு ஒரு கீறல் இல்லை. பாக் மாட் அவள் எதிரில் தலையைக் குனிந்துகொண்டு பேசினார். அலை கொண்டுவந்து கொட்டுகிற தண்ணீர் எல்லாம் திரும்பிப் போக ஒரு வழி வேண்டும். அலை உடையாத அந்த இடம்தான் அந்த வழி. அந்தக் கரை ஆட்களைக் கொண்டுபோயிருக்கிறது. சுறா இருக்கும் வளைகுடாவில் அவருக்குத் தெரிந்து கடி வாங்கியவர் ஒரே ஒருவர். மீனை அறுத்துக் குடலைத் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தவர். தையல் போட்டு அனுப்பினார்களாம்.

"நா சொல்லியிருக்கணும்," என்று அவர் மலாயில் திரும்பத் திரும்பச் சொன்னார்.  ஆனால் வளைகுடாவில் கூச்சல் போட்டது மலரின் தொண்டை.

அவர்கள் மலை ஏறி வருவதற்குள் செய்தி முந்திக்கொண்டு ஏறியிருந்தது. மகேனைச் சுறா இழுத்துக்கொண்டு போய்விட்டதாம். பிரிஞ்சாங் பாசார் மாலாம் ராச்சந்தையில் காய் விற்பவள் கேட்டாள். கியா பார்ம் ஸ்ட்ராபெரி கடைக்காரர் கேட்டார். "சுறா இல்ல, தண்ணி," என்று மலர் ஒவ்வொருவரிடமும் சொன்னாள். அவர்கள் பரிதாபமாகப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, அவள் நகர்ந்ததும் சுறாவைப் பற்றியே பேசினார்கள். அவளுக்கு வலித்தது வேறொன்று. அர்ஜுனனே அப்படித்தான் சொன்னான். யாராவது துக்கம் விசாரித்தால், "பெரிய சுறா" என்று சொல்லிவிட்டு, தான் ஓட்டும் தோட்டத்து லோரியின் பானெட்டைத் திறந்து குனிந்துகொள்வான். அவள் ஒருமுறை மறுத்தபோது, "விடு மலரு" என்றான். அதோடு சரி. மிஷினின் மறுபக்கத்துக்கு, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வேறொரு ஆளைப் போட்டார். நல்ல மனுஷன்தான். ஆனால் கைப்பிடியில் கனம் எப்போது கூடும், எப்போது குறையும் என்று அவளால் கண்டுபிடிக்கவே முடியவில்லை.

அடுத்த வருஷம் சங்கத்தார் கடல் பேச்சையே எடுக்கவில்லை. மலையடிவாரத்தில் ஓர் ஆற்றுக்குப் போகலாம் என்றார்கள். "ஆத்துல சுறா இல்லல்ல," என்று காளியண்ணன் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். மலரைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. வரமாட்டேன் என்றுதான் அவள் சொன்னாள். துளசி தோழிகளோடு போகப்போகிறாள் என்று தெரிந்ததும் கிளம்பிவிட்டாள். சமையல் சாமான் ஏற்றிய லோரியில் அர்ஜுனன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

ஆறு அகலமாக, தெளிவாக, பாறைகளுக்கிடையே ஓடியது. பிள்ளைகளும் இளவட்டங்களும் நடு ஆற்றுப் பாறைகளில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். கீழே வெயில் அடித்தது. மலையில் மட்டும், அவர்கள் தோட்டம் இருக்கும் திசையில், வானம் கறுத்துத் தொங்கியது. மலர் கரையில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் இலைகள் வந்தன. பிறகு சுள்ளிகள். பிறகு தண்ணீரின் நிறம் மாறியது. பால் ஊற்றாத தேத்தண்ணி நிறம்.

"மேல மழ பெய்யுது! எல்லாம் கரைக்கு வாங்க!" என்று கத்தினாள்.

யாரோ கையை ஆட்டினார்கள். அவள் மறுபடியும் கூப்பிட்டாள். "தண்ணி ஏறுதுப்பா! வந்துருங்க!"

"அஞ்சு நிமிஷம் அண்ணி!" என்றான் ஒரு பையன். அவனுக்குப் பக்கத்தில் இருந்தவன், "பாவம்டா, அதுலேர்ந்து அவங்களுக்குத் தண்ணின்னாலே இப்படித்தான்," என்று சொன்னது காற்றில் தெளிவாக வந்தது. துளசி அம்மாவைப் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆற்றின் சத்தம் மாறிவிட்டிருந்தது. கொஞ்சம் முன்பு சலசலத்தது, இப்போது அடித்தொண்டையில் உறுமியது.

மலர் மூச்சை இழுத்து அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"மலைப்பாம்பு! தண்ணிக்குள்ள மலைப்பாம்புடா! அந்தப் பாறைக்கு அடியில!"

அடுத்த கணம் ஆற்றில் ஒருவரும் இல்லை. ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு, செருப்பை விட்டு, போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கரையேறிவிட்டார்கள். துளசியின் கை மலரின் கைக்குள் வந்துவிட்டது. அவள் விடவில்லை. எல்லோரும் பாம்பைத் தேடிப் பாறைகளையே பார்த்துக்கொண்டிருக்கும்போது பாறைகள் ஒவ்வொன்றாக மூழ்கின. ஒரு மரம் வேரோடு புரண்டு வந்து, பிள்ளைகள் உட்கார்ந்திருந்த இடத்தில் மோதித் திரும்பி, கீழே போனது.

யாரும் தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை. வேனில் ஏறும்போதே பாம்பு தொடை பருமன் ஆகியிருந்தது. அதன் தலையைப் பார்த்ததாக இரண்டு பேர் சத்தியம் செய்தார்கள்.

லோரி மலை ஏறத் தொடங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. திரும்பும்போது லோரியில் ஏறிக்கொண்ட துளசி இருவருக்கும் நடுவில் தூங்கிவிட்டாள். அர்ஜுனன் கண்ணாடித் துடைப்பானைப் போட்டான்.

"நெஜமா பாம்ப பாத்தியா?" என்றான்.

"இல்ல."

துடைப்பான் கண்ணாடியில் போய்வந்தது.

"தண்ணின்னு ரெண்டு தடவ கூப்பிட்டேன். ஒருத்தன் அசையல. அதான்."

ஒரு வளைவில் மேட்டு மண் சரிந்து பாதி ரோட்டை மூடியிருந்தது. அர்ஜுனன் லோரியை நிறுத்தினான். மண் இன்னும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. அவன் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடியே பேசினான்.

"அன்னிக்கு நானும் பக்கத்துல தானே நின்னேன் மலரு. அவன் போறத பாத்தேன். பாத்துக்கிட்டே சுறாவத் தேடுனேன்."

அவள் மகளின் தலைக்கு மேலாகக் கையை நீட்டி அவன் தோளைப் பிடித்தாள். அவன் அழுதான். ஒரு வருஷமாக அவள் பார்க்காத அழுகை. மண் எப்போது நிற்கும் என்று தெரியாமல் மூவரும் அந்த வளைவிலேயே காத்திருந்தார்கள்.