வால் துண்டுகளுக்குப் பூசிய எண்ணெய்

லண்டன் குட்மேய்ஸில் இருக்கும் ஜீவரத்தினம் அண்ணை பிளேன் கட்டுகிறார், அதுவும் டிக்கெட் எடுக்காமல் யாழ்ப்பாணம் போவதற்கு என்று ஃபாரஸ்ட் கேட் மீன்கடையில் யாரோ சொன்னார்களாம். கேட்டுவந்து சொன்னாள் என் மனைவி பிரீத்தா. பாதி உண்மை. பக்கத்து வீட்டுக் கராஜில் அவர் கட்டுவது இரண்டு பேர் அமரும் சிறு விமானம். இப்போதைக்கு வால் மட்டும். கவுன்சில்காரர்கள் வந்தால் என்னையும் விசாரிப்பார்களோ என்பதுதான் என் கவலை.

சுவிஸ் உணவகமொன்றில் பதினெட்டு வருடம் பாத்திரம் கழுவிவிட்டு, இங்கே வந்து பஸ் மெக்கானிக் ஆனவர். கழுவுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அலுமினியத் துண்டுகளைத் தேய்த்துக் கழுவித் துடைத்தபின், அரிப்பைத் தடுக்கும் பிரைமர் பூச்சு அடிக்கும்வரை கையுறையில்லாமல் யாரும் உள்ளே நுழைய முடியாது.

"விரல் பட்டா எண்ணெய். எண்ணெய் பட்டா பிரைமர் பிடியாது. பிடியாட்டித் தகடு அரிச்சுப் போகும். பிறகு நான் தேம்ஸுக்குள்ளைதான்."

அந்தச் சனிக்கிழமை நான்கு மணிக்கு விமானப் பரிசோதகர் வருவதாக இருந்தது. அவர் பார்த்துச் சரி சொன்னால்தான் துண்டுகளை ரிவெட் அடித்து இணைக்கலாம். மறுநாள் அவர் மூன்று மாதம் வெளிநாடு போகிறார். தவறினால் கோடையே போய்விடும்.

எட்டுத் துண்டுகளையும் துடைத்து வைத்துவிட்டு அண்ணை சாப்பிடப் போனார். திரும்பி வந்து முதல் துண்டுக்குப் பிரைமர் அடித்தார். நான் கையுறையோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் மட்டும் பச்சைப் பிரைமர் ஒட்டாமல் விலகி ஓடியது. பளிச்சென்று ஒரு சிலுவை.

"இம்மாகுலேற்!"

அவர் மனைவி இம்மாகுலேற் அக்கா கதவருகே வந்தார். "ஏன் கத்துறீங்கள்? மாதா கோயில் எண்ணெய்தான். மேலை பறக்கிற சாமான், ஆசீர்வாதமில்லாமல் விடேலுமோ?"

"ஐயோ, கிளவுஸ் போட்டனீரோ?"

"ஓம், போட்டுத்தான் பூசினனான். நீங்கள் சொன்னனீங்கள்தானே."

"எத்தினை துண்டுக்கு?"

"எட்டுக்கும். ஒண்டை விட்டா அது மட்டும் கழண்டு விழாதோ?"

மணி ஒன்றரை. எல்லாவற்றையும் மறுபடி தேய்த்து, கழுவி, பிரைமர் அடித்து, காயவைக்க ஐந்து மணிநேரமாவது வேண்டும்.

"ஏழு மணிக்கு வர முடியுமான்னு கேளுங்க அண்ணே" என்றேன்.

"என்ன காரணம் சொல்லுறது? வெள்ளைக்காரனுக்கு மாதா எண்ணெயை விளங்கப்படுத்தவோ?"

ஆனாலும் நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, போனைப் பெஞ்சில் வைத்துவிட்டுத் தேய்க்கத் தொடங்கினார். உதவிக்கு அக்காவும் ஒரு துண்டை எடுத்தார்.

"அதே கிளவுஸோ? கழட்டும், கழட்டும்!"

மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.