களத்துச் சொல்

அக்காவுக்குக் கீமோ ஏற்றும் நாட்களில் பக்கத்துக் கதிரையில் அவர் இருப்பார். வெல்லாவெளிப் பக்கத்து விவசாயி. மெலிந்த உடம்பு, முடி கொட்டிய தலையில் சிவப்புத் துவாய்.

மருந்துப் போத்தல் காலியானதும் நாங்கள், "மிஸ்ஸி, முடிஞ்சிற்று" என்று தாதியைக் கூப்பிடுவோம். அவர் மட்டும் "மிஸ்ஸி, நிறைஞ்சிற்று" என்பார். முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகுதான் விளங்கியது. சூடடிக்கும் களத்தில் 'முடிந்தது', 'இல்லை' என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் நெல் குறைந்துவிடுமாம்; 'நிறைந்தது' என்றுதான் சொல்ல வேண்டுமாம். அந்தப் பழக்கத்தை அவர் வார்டுக்கும் கொண்டுவந்திருந்தார்.

அவருக்கு நுரையீரலில் சிறு செல் புற்றுநோய்.

"பரவிற்றாம் மகன், வெட்டி எடுக்க ஏலாதாம். ஆனா மருந்துக்குக் கெதியாக் கரையுமாம்."

கரையத்தான் செய்தது. இருமல் நின்றது. அடுத்த போகம் தானே வட்டை வயலுக்குள் இறங்கி விதைக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சில மாதங்களில் இருமல் திரும்பிவந்தது. வேறு மருந்து ஏற்றிப் பார்த்தார்கள். இந்த முறை கரையவில்லை.

கடைசியாக அவரைக் கண்டது டாக்டரின் அறை வாசலில். கையில் நோவு மாத்திரைகள் மட்டும் இருந்தன. அவருக்குப் பிடித்த மாதிரியே, "நிறைஞ்சிற்றா ஐயா?" என்று கேட்டேன்.

துவாயை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"இல்ல மகன். முடிஞ்சிற்று."

அன்று அக்காவின் போத்தல் காலியானபோது, எந்தச் சொல்லைச் சொல்லி மிஸ்ஸியைக் கூப்பிடுவதென்று தெரியாமல் கையை மட்டும் உயர்த்தினேன்.