பஷ்லியேயும் பேச்சிலரும்

பதினைந்து வருடம் வாத்தியாராக இருந்தவன், புது சர்க்கார் கேட்கிறதென்று இன்று ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போடப் போனேன்.

பிரெஞ்சுக்காரன் காலத்துப் பட்டத்தை நீட்டினேன். அதில் 'பஷ்லியே' என்றிருக்கும்; பள்ளி இறுதியில் தேறியவன் என்று அர்த்தம். மெட்ராஸிலிருந்து வந்த குமாஸ்தா அதை இங்கிலீஷாக வாசித்தார்.

"இதுல பேச்சிலர். மனுவுல மூணு புள்ளையா?"

வரிசையே சிரித்தது. பின்னால் நின்றவன் என்னிடம் பிரெஞ்சு படித்தவன்.

"நீயாவது சொல்லுப்பா."

"பிரெஞ்செல்லாம் மறந்துபோச்சு சார்."

அவன் மனுவை வாங்கிக்கொண்டார்கள். என்னுடையதில் 'பொய்த் தகவல்' என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிவிட்டார்கள்.

வீட்டில் மனைவியிடம் பட்டத்தைக் காட்டி நடந்ததைச் சொன்னேன்.

"குடுங்க, அடுப்பு பத்தவைக்கவாச்சும் ஆவும்."

வேறு உபயோகம் தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள். உலை வைக்கப் போகிறாள்.